காலையில் மூச்சு விட்ட மலை

தன் வீட்டு ஆவிக்குழி ஆறிப்போனது ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது என்று புசாயே நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையில் தப்பில்லை. அவள் புருஷன் தொகுஜிக்கே தெரியாது. தொகுஜிக்குத் தெரியாத விஷயங்களைக் கணக்கெடுத்தால் கூகி தீவு கொள்ளாது என்பது வேறு விஷயம். அந்த மனுஷன் கப்பல் துறையில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர். மேலே போவதும் கீழே வருவதும்தான் அவர் கண்ணில் படும். பக்கத்தில் இருப்பது படாது.

கூகி தீவைக் கடலில் மிதக்கவிட்ட கிண்ணம் என்று சொல்லலாம். வெளிப்பக்கம் செங்குத்துப் பாறை, ஒதுங்க ஒரு மணல் திட்டு கிடையாது. உள்ளே இறங்கினால் வயல், தோட்டம், நடுவே கொழுக்கட்டையைப் பிடித்து வைத்த மாதிரி ஒரு குன்று. வீடுகள் எல்லாம் வடக்கு விளிம்பில், பிழைப்பெல்லாம் கிண்ணத்துக்குள். குன்றைச் சுற்றி மண் சுடும். ஆவி வருகிற இடத்தில் கல் அடுக்கிக் குழி கட்டி, மேலே பலகை போட்டு, வீட்டுக்கு ஒன்றாக வைத்திருக்கிறார்கள். கிழங்கைக் கூடையில் போட்டு உள்ளே இறக்கிவிட்டுக் களை பிடுங்கப் போனால், திரும்பி வரும்போது சாப்பாடு தயார்.

புசாயேயின் மாமனார் பாகம் பிரித்தபோது நிலத்தைக் கயிறு போட்டு அளந்தார். ஆவியை எந்தக் கயிற்றால் அளப்பது? மேற்குக் குழி மூத்தவன் தொகுஜிக்கு, கிழக்குக் குழி இளையவன் ஷின்பேக்கு என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். மேற்குக் குழி சீறும். கிழக்குக் குழி பெருமூச்சு விடும், அவ்வளவுதான். ஆக, புசாயேக்கு முப்பத்திரண்டு வருஷமாக ஒரு வேலை கூடுதலாகக் கிடைத்தது: ஓரகத்தி தாசுகோவைப் பார்க்கும்போதெல்லாம் குழியைப் பற்றி விசாரிப்பது. "உன் குழியில முட்டை வச்சா வேகாதுடி, குஞ்சுதான் பொரிக்கும்" என்று ஒரு கல்யாண வீட்டில் அவள் சொன்னது இன்னும் ஊரில் உலவுகிறது. தாசுகோ அப்போது சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

ஊரில் எந்தக் குழி அதிகம் சுடுகிறதோ அந்த வீடுதான் கோடைத் திருவிழாவுக்கு ஊர் முழுவதற்கும் அரிசி அவிக்க வேண்டும் என்பது வழக்கம். இரண்டு நாள் வேலை, இடுப்பு விட்டுப்போகும். "என் தலையெழுத்து, வேற யாரு குழி இருக்கு" என்று வருஷா வருஷம் புசாயே அலுத்துக்கொள்வாள். அந்த அலுப்பை யாராவது அவளிடமிருந்து பிடுங்கியிருந்தால் அன்றைக்கே படுத்த படுக்கையாகியிருப்பாள்.

அந்தக் குழிதான் போன மாரிக்காலத்தில் சத்தமில்லாமல் தணிந்தது. நாற்பது நிமிஷத்தில் வெந்த கிழங்கு ஐம்பது கேட்டது. பிறகு எண்பது. தை பிறப்பதற்குள், இரண்டு மணி நேரம் வைத்தாலும் நடுவில் கல் மாதிரி பச்சையாக நின்றது. புசாயே கல்லைப் பிரித்துத் தூர் வாரினாள். தொகுஜியின் கிழங்குச் சாராயத்தில் நல்ல ஜாடியாகப் பார்த்து எடுத்து மலைக்கு ஊற்றினாள். மலை குடித்தது, ஆவி வரவில்லை.

அவள் சாதாரணக் குடும்பத் தலைவியாக இருந்தால் வீட்டு அடுப்பை மூட்டிக்கொண்டு வாயை மூடிக்கொள்ளலாம். ஆனால் அவள் சத்திரம் நடத்துகிறாள். நாலு அறை, ஒரு கூடம். தவிர, கப்பல் வருகிற நாளில் துறையில் கயிறு பிடிக்கிற பதினைந்து ஆட்களுக்கும் அவள் வீட்டுக் கூடைதான் போகும். கிழங்கு, முட்டை, ஆவியில் வெந்த மீன். காலை ஐந்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கி கப்பல் உண்டா இல்லையா என்று சொல்லும். உண்டு என்றால் புசாயே கூடையைத் தூக்கிக்கொண்டு கிண்ணத்துக்குள் இறங்குவாள். அலை பெரிது, கப்பல் இல்லை என்றால் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

கிண்ணத்தின் தெற்கு மூலையில், இடிந்த பொதுக் குளியலறைக்குப் பின்னால், காமெலியா மரங்கள் மறைத்த இடத்தில் கேட்பாரற்ற குழி ஒன்று இருந்தது. நல்ல சூடு. போன இலையுதிர் காலத்தில் தலைநகரத்து ஆய்வுக்காரர்கள் வந்து அதற்குள் ஓர் இரும்புக் கம்பியை இறக்கி, கம்பத்தில் ஒரு பெட்டியைக் கட்டி, 'தொடாதீர்கள்' என்று பலகை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். புசாயே சட்டத்தை மதிக்கிறவள். கம்பியை அவள் தொடவே இல்லை. முட்டைப் பையை மட்டும் அதில் மாட்டினாள். ஆவி வெளியே போகாமல் சூடு ஏறட்டும் என்று மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடினாள். முக்கால் மணியில் எல்லாம் பஞ்சாக வெந்தது. யாரும் பார்க்கவில்லை. கூடை துறைக்குப் போனது. "அண்ணி குழின்னா குழிதான்" என்று துறையில் ஷின்பே ஏப்பம் விட்டதாகத் தொகுஜி வந்து சொன்னார். புசாயேக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கியது.

இப்படியே நாலு மாதம்.

வசந்த காலத்தில் ஹிராசே வந்தான். ஆய்வுக்காரர்கள் அனுப்பிய ஆள். முப்பத்தைந்து வயது, ஒல்லி, மலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவான், பக்கத்து அறையில் நோயாளி தூங்குகிற மாதிரி. ஊரில் இருக்கிற இன்னொரு சத்திரத்துக்குக் கூரை மாற்றிக்கொண்டிருந்ததால் புசாயே வீட்டில்தான் இறங்கினான். முதல் நாள் மதியம் ஒரு கிழங்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, சுருட்டி வைத்த காகிதத்தைக் கூடத்தில் விரித்தான். ரம்பப் பல் போலக் கோடு கோடாக மலைத்தொடர் வரைந்த மாதிரி இருந்தது.

விஷயத்தை அவன் விளக்கியது இது. தெற்கு மூலைக் குழியின் சூடு எப்போதும் அறுபத்திரண்டு டிகிரிதான். ஆனால் விடிகாலை ஐந்தரைக்கு விறுவிறுவென்று தொண்ணூற்று நாலுக்கு ஏறும். ஆறேகாலுக்கு மறுபடி இறங்கிவிடும். தினமும் இல்லை, சில நாட்களில்தான். எந்த நாட்கள் என்று அவன் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்திருந்தான். கடல் அமைதியாக இருக்கும் நாளில் ஏறுகிறது. அலை பெரிதாக இருந்தால் ஏறுவதில்லை. கொந்தளிக்கிற கடல் தன் எடையால் தீவின் அடிவாரத்தை அழுத்தி உள்ளே இருக்கும் வழிகளை மூடிவிடுகிறது. கடல் தணிந்தால் வழி திறக்கிறது என்பது அவன் முடிவு.

"மலை மூச்சு விடுதும்மா" என்றான், முட்டையை உரித்துக்கொண்டே.

புசாயே காகிதத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு சிகரமும் அவளுக்குத் தெரிந்த சிகரம். அதோ அந்த இரட்டையானது துறைக்குச் சிமெண்டு வந்த நாள், இரண்டு நடை அவித்தது. இந்தக் குட்டையானது மீன் மட்டும். அந்த ஆள் தன் ஆராய்ச்சி மொத்தத்தையும் தட்டில் வைத்து, உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். இன்னும் கொஞ்சம் கிழங்கு போடட்டுமா என்று மட்டும் கேட்டாள். போடச் சொன்னான். கப்பல் இல்லாத நாட்களில் அவனுக்குச் சோறுதான் வந்தது. "இன்னிக்குக் கிழங்கு இல்லையாம்மா" என்று ஏமாற்றமாகக் கேட்டுவிட்டு, நோட்டைத் திறந்து, 'அலை மூன்று மீட்டர், சூடு ஏறவில்லை' என்று எழுதிக்கொள்வான். இத்தனை படித்தவன் அந்த இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. படித்ததனால்தான் போடவில்லை என்று ஊரில் பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரமே பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் ஊர்க் கூட்டம் போட்டார்கள். தலைவர் ஒகியாமா எப்போதும் போல விசிலடித்த ஒலிபெருக்கியோடு முதலில் சண்டை போட்டார். பிறகு ஹிராசே பேசினான். தலைநகரத்துக் குழு யோசிக்கிறதாம். காரணம் புரியும் வரை கிண்ணத்துக்குள் யாரும் இறங்காமல் இருப்பது நல்லது. வயல், தோட்டம், ஆவிக்குழி, எல்லாம் சேர்த்துத்தான். சூடு இன்னும் கூடினால், கொஞ்ச காலத்துக்கு ஜனங்களைப் பக்கத்துத் தீவுக்குக் கூட்டிப் போவதைப் பற்றியும் பேச வேண்டி வரலாம்.

 இருநூறு வருஷத்துக்கு முன்னால் மலை வெடித்தபோதும் அப்படிக் கொஞ்ச காலத்துக்குத்தான் போனார்கள்.

தாசுகோதான் எழுந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்:

"அப்ப போனவங்க ஐம்பது வருஷம் கழிச்சுத்தான் திரும்பி வந்தாங்க, தம்பி. எனக்கு இப்ப ஐம்பத்தேழு. நான் தோட்டத்துல வெங்காயம் நடலாமா வேணாமா?"

சிலர் சிரித்தார்கள்.  வெங்காய நாற்று வாங்கி வைத்திருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். புசாயே தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் வாங்கி வைத்திருந்தாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். 'அது நான்தான்' என்று இரண்டே வார்த்தை. ஆனால் அடுத்த கேள்வி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருமே: உன் குழி என்ன ஆச்சு? அதைக் கேட்கும்போது தாசுகோவின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். முப்பத்திரண்டு வருஷத்துப் பேச்சும் வட்டியோடு திரும்பி வரும். சொல்லாமலே சரி பண்ண ஒரு வழி இருந்தது, சுலபமான வழி. அந்தக் குழியில் இனி அவிக்காமல் இருந்தால் மலை மூச்சு விடாது. மூச்சு விடாத மலையைக் கண்டு யார் பயப்படப் போகிறார்கள்?

அடுத்து வந்த நாலு கப்பலுக்கும் துறைக்குச் சோற்று உருண்டை போனது. கயிறு பிடிக்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். முட்டை எங்கே என்று ஷின்பே கேட்டனுப்பினான். கோழி முட்டையிடவில்லை என்று புசாயே சொல்லியனுப்பினாள். அவள் வீட்டுக் கோழிகள் அந்த அபாண்டத்தைக் கேட்டபடி வாசலில் மேய்ந்துகொண்டிருந்தன.

ஐந்தாம் நாள் ஹிராசே சாப்பிட உட்காரவில்லை. முகம் வெளுத்திருந்தது. கடல் கண்ணாடி மாதிரி கிடக்கிறது, ஆனால் நாலு நாளாக மூச்சு இல்லை. வழி அடைத்துக்கொண்டது என்றான். அடைத்தால் உள்ளே அழுத்தம் சேரும். மூச்சு விட்டதைவிட விடாததுதான் ஆபத்தாம். கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே தலைநகரத்தோடு தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசினான்.

புசாயே இதை எதிர்பார்க்கவில்லை. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மலை மூச்சு விட வேண்டுமா, விட வைத்துவிடலாம். மறுநாள் விடியலில் இறங்கிப் போனாள். விட்டுப்போன நாலு நாளைக்கும் சேர்த்து ஒரே மூச்சாக இரண்டு மணி நேரம் அவித்தாள். நாற்பது முட்டை. அவசரத்தில் அவள் மறந்தது ஒன்றே ஒன்று. அன்றைக்குக் கப்பல் கிடையாது. அலை நாலு மீட்டர்.

ஹிராசேயின் காகிதத்தில் அதுவரை காணாத உயரத்தில் ஒரு சிகரம் எழுந்தது; அதுவும் எழவே கூடாத நாளில். நாற்பது முட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் புசாயே உப்புத்தண்ணீரில் ஊறப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஊர் ஒலிபெருக்கி கூப்பிட்டது. எல்லோரும் சாயங்காலம் கூடத்துக்கு வரவும்.

இந்தத் தடவை ஒகியாமா ஒலிபெருக்கியோடு சண்டை போடவில்லை. கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். அடுத்த கப்பலில் பள்ளிப் பிள்ளைகள் பதினோரு பேர், எழுபதைத் தாண்டியவர்கள் முப்பத்து நாலு பேர். மற்றவர்கள் மூட்டை கட்டித் தயாராக இருக்கட்டும். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். நாலாவது பெயரை இரண்டு தடவை வாசித்தார். அது அவருடைய அண்ணன் பெயர். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த அண்ணன், நான் கப்பலில் வாந்தி எடுப்பேன், என்னால் ஆகாது என்று சாவதானமாகச் சொன்னார்.

புசாயே எழுந்தாள். எழுந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து எழவில்லை. முழங்கால்கள் தாமாக நிமிர்ந்தன என்று பிறகு சொன்னாள்.

"அது மலை இல்ல, தம்பி" என்றாள். "நான்."

ஹிராசேக்குப் புரியவில்லை. அவள் பலகையை, சாக்கை, முட்டைப் பையை, ஐந்து மணி அறிவிப்பை, எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தாள். ஹிராசே தன் காகிதத்தை விரித்தான். ஒரு சிகரத்தின் மேல் விரலை வைத்து நிமிர்ந்தான்.

"மார்ச் ஒன்பது?"

"மீன் மட்டும்."

"பதினேழு? ரெண்டு தடவை ஏறியிருக்கு."

"சிமெண்டுக் கப்பல். ஆளு ஜாஸ்தி."

"இன்னிக்கு?"

"நாப்பது முட்டை. வீட்ல இருக்கு. வேணுங்கிறவங்க எடுத்துக்கலாம்."

கூடத்தின் பின்பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். பட்டியலில் பெயர் இருந்த கிழவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு எல்லோரும். ஹிராசே சிரிக்கவில்லை. வந்த நாளிலிருந்து தான் தின்ற கிழங்குகளை மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.

சிரிப்பு அடங்கியதும் ஒகியாமா அந்தக் கேள்வியைக் கேட்டார். சொந்தமாக ஊரிலேயே நல்ல குழி இருக்கும்போது, எதற்கு அங்கே போனாய் என்று. கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனால் கேட்டார்.

புசாயே தாசுகோ பக்கம் திரும்பினாள். வேறு யாரிடம் சொன்னாலும் அது சொன்னதாக ஆகாது.

"என் குழி ஆறிப்போச்சு" என்றாள். "மாரிக்காலத்துலேயே."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். வருவது வரட்டும் என்று தோளைக்கூடக் கொஞ்சம் இறக்கிக்கொண்டாள். தாசுகோ கன்னம் சிவந்து, ஒரு பழைய துணிப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதிலாக ஷின்பே பேசினான். இருபது வருஷமாக அந்த மனுஷன் கூட்டத்தில் பேசியதில்லை. பேசாமல் இருந்ததற்குக் காரணம் அன்றைக்குப் புரிந்தது.

"எங்களது கொதிக்குதே, அண்ணி. போன மாசம் இவ மீனைப் போட்டா, முள்ளுதான் வந்துது."

தாசுகோ அவன் தொடையில் கிள்ளியதை மூன்று வரிசை பார்த்தது. ஆனால் விஷயம் வெளியே வந்துவிட்டது. கிழக்குக் குழி மாரிக்காலத்திலிருந்தே சீறுகிறது. தாசுகோ பலகையைச் சரித்துப் போட்டு, மேலே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, வழியில் கேட்கிறவர்களிடமெல்லாம் எங்கள் குழிதான் தெரியுமே என்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். சூடு அதிகம் என்று தெரிந்தால் திருவிழா அரிசி தன் தலையில் விழும் என்ற பயம்.

புசாயேக்கு வந்த ஆத்திரத்தில் வெட்கம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

"மூணு வருஷமா இடுப்பு வலிக்குதுன்னு உங்கிட்டதானேடி அழுதேன்?"

"அதனாலதான்க்கா பயம்" என்றாள் தாசுகோ. "உங்க இடுப்பு இரும்பு. அதுக்கே அப்படின்னா."

ஹிராசே இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றான். அவன் குரல் மறுபடி தாழ்ந்திருந்தது, ஆனால் இந்தத் தடவை கண் பளபளத்தது. மேற்கில் சூடு குறைந்தது எப்போது, கிழக்கில் கூடியது எப்போது, தேதி ஞாபகம் இருக்கிறதா? புசாயேக்குத் தேதி ஞாபகமில்லை. கிழங்கு ஞாபகம் இருந்தது. எந்தக் கப்பலுக்கு நாற்பது நிமிஷம், எந்தக் கப்பலுக்கு ஐம்பது, எப்போது எண்பது என்று வரிசையாக ஒப்பித்தாள். தாசுகோ தன் பக்கத்தை எதிர்வரிசையாக ஒப்பித்தாள். ஒன்று இறங்க இறங்க மற்றது ஏறியிருந்தது. குன்றுக்கு அடியில் சூடு மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்திருக்கிறது, தெற்கு மூலையில் நட்ட கம்பி இத்தனை நாளும் சமையலை அளந்துகொண்டு அதைத் தவறவிட்டுவிட்டது என்று அவன் மெதுவாகச் சொன்னான்.

அப்படியென்றால் பயப்பட வேண்டுமா என்று ஒகியாமா கேட்டார்.

"நகர்றதுக்காக ஊரைக் காலி பண்ண வேண்டியதில்ல. ஆனா கண்ணை எடுக்கக் கூடாது" என்றான். உண்மையைச் சொல்கிறவன் போலத்தான் இருந்தது. ஒகியாமா பட்டியலை நாலாக மடித்துப் பையில் வைத்தார். கப்பலில் வாந்தி எடுக்கிற அண்ணன் கைதட்டினார்.

கிண்ணம் திறந்தே இருந்தது. தலைநகரத்திலிருந்து பதில் வருவதற்குள் ஊர் வெங்காயம் நட்டு முடித்திருந்தது. கம்பியும் பெட்டியும் பலகையும் தாசுகோ வீட்டுக் குழிக்கு மாறின. இந்தத் தடவை பலகையில், யார் எப்போது என்ன வைத்தாலும் பக்கத்தில் கட்டியிருக்கும் நோட்டில் எழுதவும் என்று இருந்தது. திருவிழா அரிசி யார் பொறுப்பு என்பதை ஒகியாமா அறிவிக்கக்கூட இல்லை. அதற்கு முன்பே புசாயே வீடு வீடாகப் போய்ச் சொல்லி முடித்துவிட்டாள்.

அடுத்த கப்பல் நாளில் அவள் கூடையோடு கிழக்குக் குழிக்குப் போனாள். தாசுகோ ஏற்கெனவே அங்கே குந்தியிருந்தாள். புசாயே இடம் கேட்கவில்லை, தாசுகோவும் இல்லை என்று சொல்லவில்லை. கூடை இறங்கியது. பதினெட்டு நிமிஷத்தில் எடுத்துவிடலாம் என்று தாசுகோ சொன்னாள். கிழங்கு அவிக்க எனக்கு நீ சொல்லித் தர வேண்டியதில்லை என்று புசாயே நாற்பது நிமிஷம் வைத்தாள். மூடியை விலக்கியபோது பாதிக் கிழங்கு வெடித்துக் கூழாகியிருந்தது. துறைக்கு அனுப்பத் தேறாததை இரண்டு பேரும் கல்லில் உட்கார்ந்து தின்றார்கள்.

"சூடு இருக்கு, ஒத்துக்கறேன்" என்றாள் புசாயே, விரலை ஊதிக்கொண்டே. "ஆனா எங்க குழி ருசி வராது."

தாசுகோ நோட்டை எடுத்து மடியில் வைத்து, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டாள்.

"ருசி இல்லாத கிழங்கு எத்தனை தின்னீங்கன்னு எழுதணும்க்கா. இது உங்களுக்கு நாலாவதா, அஞ்சாவதா?"